சலேத்தம்மாளின் இரண்டு சொரூபங்கள்

மைசூரில் பிலோமினா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லைன் வீடுகளில் யாராவது படுக்கையில் விழுந்தால், டாக்டருக்கு அடுத்துச் சலேத்தம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். ஊதுபத்தி உருட்டிப் பிழைத்தவள். புருஷன் இல்லை, ஒரே மகள் பிலோமி. அவளுடைய டிரங்குப் பெட்டியில் ஒரே அளவில் இரண்டு சொரூபங்கள் வெள்ளைத் துணியில் சுற்றி இருக்கும். ஒன்று நோய் தீர்க்கும் செபஸ்தியார், உடம்பெல்லாம் அம்பு. மற்றது நல்ல மரணம் தரும் சூசையப்பர், கையில் பூத்த கோல். கண்ணை மூடிச் செபித்து, கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போவாள். நோயாளியின் தலைமாட்டில்தான் துணியை அவிழ்ப்பாள்.

நானும் வேதக்காரிதான், ஆனால் இந்த விளையாட்டெல்லாம் எனக்குப் பிடிக்காது. பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் என் மாமனாருக்கு வயிற்றுவலி என்று அவள் வந்து துணியை அவிழ்த்தபோது, என் கண் அம்பைத்தான் தேடியது. அம்பு இல்லை. வெறும் அஜீரணம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அடக்கம் செய்தோம். அதிலிருந்து சலேத்தம்மாள் தெருவில் வந்தாலே, கையில் வெள்ளைத் துணிச் சுருள் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

தொண்ணூற்று நாலு மழைக்காலத்தில் பிலோமிக்கு டைபாய்டு முற்றிவிட்டது. டாக்டர்கள் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சலேத்தம்மாள் பெட்டியைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் விரல்கள் அம்பின் முனை தட்டுப்படும்வரை துணிமேல் தடவிக்கொண்டே இருந்தன. பெற்றவள், வேறு என்ன செய்வாள்?

செபஸ்தியாரைத் தலைமாட்டில் வைத்தாள். பட்டப்பகல்தான். பிலோமி கண் திறந்து வாசலைப் பார்த்தாள்.

"யாரும்மா அந்தத் தாத்தா? கையில பூக்குச்சி வச்சுக்கிட்டு எவ்வளவு நேரமா நிக்கிறாரு. உள்ள கூப்பிடும்மா."

வாசலில் ஒரு நாய்கூட இல்லை. சலேத்தம்மாள் பெட்டியிலிருந்து சூசையப்பரை எடுத்து, துணியை அவிழ்த்து, அடுப்படியில் தன்னுடைய பாயின் தலைமாட்டில் வைத்தாள்.

"பேடக்கா, வேண்டாங்கக்கா, எடுத்து உள்ள வைங்கக்கா" என்று கெஞ்சினேன்.

"வந்தவர வெறுங்கையா அனுப்பலாமா?" என்று சொல்லிவிட்டுப் பத்தி உருட்ட உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாவிமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சாயங்காலம் பிலோமிக்குக் குப்பென்று வேர்த்தது. காய்ச்சல் இறங்கி, பசிக்கிறது, கஞ்சி வேண்டும் என்றாள்.

"தாத்தா உள்ள போயிட்டாருக்கா" என்றும் சொன்னாள்.

அடுப்படிக்கு ஓடினேன். சலேத்தம்மாள் பாயில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

"அம்மா கஞ்சி வைக்கிறாங்களாக்கா?" என்று பிலோமி படுக்கையிலிருந்து கேட்டாள். ஆமாம் என்றேன். அடுப்பை நான்தான் பற்றவைத்தேன். கஞ்சி வேகும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சலேத்தம்மாள் பக்கத்திலேயே நின்றேன்.