அகதேஸில் மூன்று நாள் மழை

ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவளுக்கும் எனக்கும் ஒரே நேர வேலை. அவள் நைஜர் நாட்டுக்காரி. சகாரா பாலைவனத்து அகதேஸ் நகரத்தில் பிறந்தவள். நாங்கள் கதைப்பது நொர்வேஜிய மொழியில். ஆனால் என் ஞாபகத்தில் அதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகவே கிடக்கிறது.

அவளுடைய வீடு அகதேஸின் பழைய நகரப் பகுதியில், பெரிய மண் பள்ளிவாசலுக்குப் பின்னால். அங்கே அவளுடைய அக்கா, கணவனோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தாள். எங்கள் இடைவேளைகளில் அந்த அக்கா வீடியோ அழைப்பில் வந்து, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து காட்டுவாள். எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவு ஒடுக்கமான சந்துகள். பள்ளிவாசல் கோபுரத்தில் மரக்கட்டைகள் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். மண் பூசுகிறவர்கள் கால் வைத்து ஏறுவதற்காம். வீடுகளும் மண்தான். மழைக்காலம் வருமுன் மண்ணும் வைக்கோலும் குழைத்து ஒவ்வொரு வருடமும் பூசியாக வேண்டும்.

அந்தப் பூச்சில்தான் நான் மூக்கை நுழைத்தேன். அக்காவின் கணவனுக்கு முதுகு ஏலாமல் போய்விட்டது, பூச ஆளும் கிடைக்கவில்லை என்று அவள் கவலைப்பட்ட நாள் அது.

"உதென்ன வருசா வருசம் கரைச்சல்? சீமெந்து பூசச் சொல்லும். ஒருக்காப் பூசினால் பிறகு யோசிக்கத் தேவையில்லை" என்றேன்.

"அக்கா வேண்டாம் எண்டுறா. மண் வீட்டுக்கு மண்தான் சேருமாம்."

"நீர் சொன்னால் கேப்பா."

அக்கா கேட்டாள். முன் அறைக்கு மட்டும், சுவருக்கும் கூரைக்கும் சீமெந்து பூசினார்கள். இனி ஒழுகாத அறை என்று பிள்ளைகளின் படுக்கையையும் அங்கே போட்டார்கள். அவள் காட்டிய படத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் அவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டே, "அங்கை மழை" என்றாள், யாருக்கோ நோய் முற்றிவிட்டது என்று சொல்வதுபோல. ஒஸ்லோவிலும் அன்று மழைதான். வந்தவர்கள் குடையை உதறிவிட்டு அதை மறந்துபோனார்கள்.

இரண்டாம் நாள் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. சீமெந்து வெடித்துத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது.

"சுவர் உள்ளுக்கை ஊறிப்போச்சாம். சீமெந்து அதைக் காய விடாதாம்." உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அங்கே யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

அன்றிரவு புருசெத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் என்னால் சாப்பிட முடியவில்லை. விசயத்தைச் சொன்னதும் கணவர், "நீர் என்ன எஞ்சினியரே? உமக்கேன் தெரியாத வேலை?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிடும்" என்று சோற்றுக் கோப்பையைக் கிட்டத் தள்ளினார். செபமாலையை எடுத்தேன். விரல் மணியிலே நின்றது, மனம் அந்த முன் அறையில் நின்றது. இரண்டு பிள்ளைகளும் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார்கள் என்று யோசித்தேன். அந்தக் கூரை எவ்வளவு பாரம் என்று யோசித்தேன். அதை ஏற்றச் சொன்னது நான்.

நான்காம் நாள் பத்து மணி போல அவளுடைய கைப்பேசி அடித்தது. அவர்களுடைய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவளுடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"முன் சுவர் விழுந்திட்டுது."

"பிள்ளையள்?"

"அக்கா முந்தின நாளே பின் அறைக்குக் கொண்டு போயிட்டா. சுவர் ஒழுங்கைப் பக்கம் சாஞ்சது. ஆருக்கும் ஒண்டுமில்லை. கரண்ட் இல்லாமல்தான் போன் எடுக்கேல்லை."

"நான்தான் சொன்னனான்" என்றேன்.

"ஓம், நீர்தான் சொன்னனீர்." அவள் மறுத்துச் சொல்லவில்லை. "ஆனா அக்காவோட சண்டை பிடிச்சுச் செய்விச்சது நான்." அதன் பிறகுதான் அழுதாள். அவளைத் தொடலாமா என்று தெரியாமல், ஈரக் கையோடு நின்றேன்.

பிறகு பல வாரங்கள் அவள் கோப்பியை யன்னலருகே தனியே குடித்தாள். நான் கிட்டப் போகவில்லை.

குளிர் தொடங்கிய பிறகு ஒருநாள், "இஞ்சை வாரும்" என்று கூப்பிட்டுக் கைப்பேசியைக் காட்டினாள். அயலட்டைச் சனமெல்லாம் கூடியிருந்தது. பிள்ளைகள் இருவரும் முழங்கால்வரை சேற்றில் நின்று சுவருக்கு மண் மிதித்தார்கள். புதுச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. அக்கா என்னைக் கண்டதும் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்ன சொன்னவ?"

"சீமெந்துக்காரி சுகமோ எண்டு கேக்கிறா."

மன்னிப்புக் கேட்டேன், தடுமாறிய நொர்வேஜிய மொழியில். அவள் அதை அப்படியே அக்காவுக்குச் சொன்னாளா, வேறெதையாவது சொன்னாளா, தெரியாது. அக்கா கையை ஆட்டினாள். கை முழுக்க மண்.