கிணற்றுக்குள் இறக்கிய சுண்ணாம்பு நீர்

தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கரியமில வாயு பால்போல் மாற்றும் என்பதை மனப்பாடம் செய்யாமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட வகுப்பு எங்களுடையது. மூங்கில்துறைப்பட்டுக்கு அருகில் நான் ஏழாம் வகுப்பு படித்த பள்ளியில் வாயுவைக் கண்டறிய இருந்த ஒரே கருவி, அறிவியல் ஆசிரியர் தம் கையால் தயாரித்த ஒரு புட்டிச் சுண்ணாம்பு நீர்தான். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்தில் வந்துபோகும் அவர் புட்டியை என்னிடம் ஒப்படைத்தார். திறந்து வைத்தால் காற்றே அதைக் கெடுத்துவிடும். தக்கை இறுக்கமாக இருக்க வேண்டும். அதன்மேல் மெழுகு பூசியிருக்க வேண்டும். இவ்வளவுதான் பராமரிப்பு.

நான் முதல் நாளே திறந்தேன். கொஞ்சம் தம்ளரில் ஊற்றிப் பப்பாளி இலைக்காம்பால் ஊதினேன். கண்ணுக்குத் தெரியாத என் மூச்சு வெள்ளையாகத் திரண்டு நின்றது. அதன் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவை ஊதச் சொன்னேன், தம்பியை ஊதச் சொன்னேன், கன்றுக்குட்டியின் மூக்கருகே தம்ளரைப் பிடித்து உதை வாங்கினேன். அளவு குறைந்தால் ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவாரே என்று, வெளுத்த நீரை ஒவ்வொரு முறையும் புட்டியிலேயே திரும்ப ஊற்றினேன். விடிந்து பார்த்தால் வெண்மை அடியில் படிந்து, மேல்நீர் பளிச்சென்று இருக்கும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறியலின் நான்காம் நாள் காலை, ரிஷிவந்தியம் பக்கமிருந்து போலீஸ் வேன் வருவதாகச் செய்தி வந்தது. சாலையில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அவர் காவலர் வேலைக்கு ஆளெடுப்பில் நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தவரும்கூட. அதே சாலையில்தான் தினமும் ஓடிப் பழகினார். வழக்கில் பெயர் ஏறினால் அந்த வேலை இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் கரும்புக் கொல்லை ஓரத்துப் பாழுங்கிணற்றில் இறங்கி ஒளிந்துகொள்ளப் புறப்பட்டார். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம்.

பாழுங்கிணற்றில் இறங்குமுன் எரியும் அரிக்கன் விளக்கைக் கயிற்றில் விட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே விஷக்காற்று, பெரும்பாலும் கரியமில வாயுதான். அன்று விளக்கில் சொட்டு மண்ணெண்ணெய் இல்லை. ரேஷன் வண்டி, சித்தப்பா சாய்த்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. வைக்கோலைக் கொளுத்திப் போடலாமென்றால் புகையே காட்டிக்கொடுத்துவிடும்.

“வாத்தியாரு குடுத்த பாட்டிலு இருக்குது சித்தப்பா. உள்ள வுட்டுப் பாக்கலாம்.”

“இன்னாடி, கெணத்துக்கே பரீட்ச வைக்கிறியா?”

“இருங்க தம்பி, புள்ள பாத்துச் சொல்லட்டும்” என்றாள் அம்மா. “போலீசாவது ஒரு நாளு திருப்பி அனுப்புவான். கெணறு அனுப்புமா?”

வீட்டுக்கு ஓடிப் புட்டியை அலுங்காமல் எடுத்து வந்தேன்; மேல்நீர் தெளிவாகவே இருந்தது. தக்கையை எடுத்துவிட்டு அதைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அது கல்லில் மோதி மோதி இறங்கியது. நூறு எண்ணி மேலே இழுத்தபோது நீர் பாலாக இருந்தது.

“எறங்காதீங்க சித்தப்பா!”

அவர் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “படிச்ச புள்ள சொல்லுது” என்று சொல்லிவிட்டுக் கரும்புக்குள் ஓடினார். உச்சிவேளைக்குள், கொல்லையின் மறுமுனையில் வாய்க்கால் அருகே அவரைப் பிடித்துவிட்டார்கள்.

சாலைகள் திறந்து ஆசிரியர் வந்ததும், ஊதிய நீரைத் திரும்ப ஊற்றியதை அழுகையோடு ஒப்புக்கொண்டேன். கிணற்றைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. அவர் சிரித்தார். “அப்ப இது சோதனத் தண்ணி இல்லம்மா, சாக்பீசு கரைச்ச தண்ணி. லேசா ஆட்டினாலே வெளுத்துப் பூடும்” என்றார். உண்மையைச் சொன்னதற்காக வகுப்பின் முன்னால் பாராட்டி, புதிய நீர் தயாரிக்கவும் கற்றுக்கொடுத்தார். மனம் லேசாகி வீட்டுக்கு நடந்தேன்.

சித்தப்பா ஒரு மாதத்தில் வெளியே வந்தார்; வழக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. காவலர் வேலைக்கான வயது அதற்குள் கடந்துவிட்டது. அவர்கள் கேட்ட ஒதுக்கீடு பின்னால் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து அதன் வழியே கல்லூரிக்குப் போனவள் நான். அந்தக் கிணற்றை மண்ணிட்டு மூடிவிட்டார்கள். உள்ளே விஷக்காற்று இருந்ததா இல்லையா என்பதை இனி எந்தக் கருவியும் சொல்லாது.

“இந்தப் புள்ள இல்லன்னா அன்னிக்கே கெணத்துல போயிருப்பேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சித்தப்பா சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எல்லோரும் அதை அடக்கம் என்று எண்ணினார்கள். நானும் அப்படியே எண்ணினேன். என் தவற்றைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லி முடித்துவிட்டதாகத்தான் அப்போது நம்பியிருந்தேன்.