சிக்னலில் படுத்துவிடும் முள்

மாமாவுக்குப் பெண் பார்க்க ஆலுவாவுக்குப் போன அன்று, அந்தச் சிவப்பு வண்டியின் முள்ளைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. நான் அப்போது நான்காம் வகுப்பில் இருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் செய்யும் ஒரு முதலாளியிடம் டிரைவர். முதலாளியின் மகன் ஆசைப்பட்டு, வேகத்துக்கென்று எஞ்சினில் டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, ஆசை தீருவதற்குள் துபாய்க்குப் போய்விட்டான். நிறுத்தியே வைத்தால் வண்டி கெட்டுவிடும், ஞாயிற்றுக்கிழமைதோறும் கொஞ்சம் ஓட்டிவிட்டு வா என்பது முதலாளியின் உத்தரவு. மாமா அதைக் கோயில் யானையை வீதிக்குக் கூட்டிப்போவது போல அத்தனை பயபக்தியோடு செய்துவந்தார்.

வேகம் காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வட்டம் இருக்கும். எஞ்சினுக்குள் ஆயில் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று காட்டுவது அது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் அதன் முள் விறைத்துக்கொண்டு மேலே நிற்கும். ஓடிச் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் கீழே வந்து படுத்துக்கொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மாமாவுக்கு உயிரே போய்விட்டதாம். மெக்கானிக்கிடம் கேட்டுத் தெளிந்த பிறகு எனக்கும் விளக்கினார்.

"அம்மா பப்படம் பொரிக்கிறப்ப பாத்திருக்கல்ல? எண்ணெய் காய்ஞ்சா தண்ணி மாதிரி ஓடும். இதுவும் அப்படித்தான். நிக்கிறப்ப எஞ்சின் மெல்லச் சுத்தும், பம்பும் மெல்லத் தள்ளும், முள்ளு எறங்கும். ஆக்சிலேட்டர மிதிச்சா எந்திரிக்கும். எந்திரிக்கலைன்னாத்தான் பயப்படணும்."

பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. இது மட்டும் மறக்கவில்லை.

அதற்கு முன்பு பார்த்த பெண்வீட்டில், மாப்பிள்ளை டிரைவர் என்று தெரிந்ததும் பேச்சு அப்படியே நின்றுபோனது. அந்த எரிச்சல் அம்மாவுக்கு ஆறவே இல்லை. இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தையும் பெண் பார்ப்பதையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்றாள்.

"அக்கா, இது சரியாவாது. முதலாளி வண்டி. நான் பஸ்ல வர்றேன்."

"நம்ம வண்டின்னு நான் யார்கிட்டயாவது சொல்லப்போறேனா? அவங்களா நினைச்சுக்கிட்டா நாம என்ன செய்ய?"

அம்மாவோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. பின்சீட் என்ற பெயரில் அந்த வண்டியில் இருந்த பொந்துக்குள் அப்பாவும் நானும் திணிக்கப்பட்டோம். அப்பாவின் முழங்கால் அவருடைய தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலம். இடப்பள்ளியில் வண்டிகள் நகரவே இல்லை. முள் மெல்ல இறங்கிப் படுத்தது.

"மாமா, முள்ளு விழுந்துடுச்சு!"

நான் வழக்கமாகச் சொல்வதுதான். "ம், பாத்தேன்" என்பார், அவ்வளவுதான். அன்றைக்கு மாமாவின் முகம் மலர்ந்தது.

"அக்கா, ஆயில் பிரஷர் சுத்தமா இல்ல. திரும்பிப் போயிரலாம்."

"வண்டி நின்னாலும் அங்க போய் நிக்கட்டும்," என்றாள் அம்மா.

வண்டி நிற்கவில்லை. பெண்வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. எல்லோரும் இறங்கினோம், மாமாவைத் தவிர. டர்போ கொதிக்கிறது, உடனே அணைத்தால் வெந்துவிடும், ஆறும்வரை எஞ்சின் ஓட வேண்டும், பிரஷர் வேறு இல்லை, தான் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அடுக்கினார். முள் இறங்கும்போதெல்லாம் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டார். பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது.

உள்ளே பெண்ணின் அப்பா ஜன்னல் வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்கறி மொத்த வியாபாரி, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்.

"மாப்பிள்ளை உள்ள வரலையா?"

"வண்டில ஆயில் பிரஷர் கொறஞ்சிருக்கு. அதான் பாத்துக்கிட்டிருக்கான்," என்றாள் அம்மா, பெருமை கலந்த கவலையோடு.

தெரிந்த விஷயத்தைத் தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"கொறையவே இல்ல. சூடானா எண்ணெய் எளகும், நின்னா முள்ளு எறங்கும், மிதிச்சா எந்திரிக்குதுல்ல? மாமாவுக்கே தெரியும். முதலாளி மகனோட காருக்கு எப்பவும் அப்படித்தான்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. அடுக்களையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பெண் ஒரே ஒரு கிளாஸ் சாயாவோடு வெளியே வந்தாள். கூடத்தில் இருந்த யாருக்கும் கொடுக்காமல் நேராக வாசலுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மாமா கண்ணாடியை இறக்கினார். வேர்த்துக் குளித்திருந்தார்.

"வண்டி என்னுது இல்ல," என்றார், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"தெரியும். இப்பத்தான் உள்ள சொன்னாங்க. சாயா உங்களுக்குத்தான். எறங்கி வந்து குடிங்க."

மாமா சாவியைத் திருப்பினார். உறுமல் நின்றது. நாயும் வாயை மூடிக்கொண்டது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "டிரைவர்னுதான் தரகர் சொன்னாரு. இந்த வண்டியப் பாத்ததும் யாரோ வீடு மாறி வந்துட்டாங்கன்னு பயந்துட்டேன்."

திரும்பி வரும்போது ஒவ்வொரு சிக்னலிலும் முள் படுத்தது. நானும் கடமை தவறாமல் அறிவித்தேன். மாமா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"விழட்டும்டீ," என்றார். பச்சை விழுந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

எனக்கு அழுகையாக வந்தது. முதலாளியின் வண்டிமேல் மாமாவுக்கு அக்கறையே போய்விட்டது, நாளைக்கு யாராவது முதலாளியிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, மட்டாஞ்சேரிக்குப் போகும் தோப்பும்படிப் பாலம் வரை அந்த முள்ளை நான் ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டு வந்தேன்.