கழற்றி வைத்த மூக்குத்தி

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாயாவில் கோப்பெங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. பட்டாள லாரி வந்தால் வயசுப் பெண்களை இழுத்துப் போய்விடுவார்கள் என்ற பயத்தில், கிளம்பும்போதே அம்மா என் தலைமுடியை ஒட்ட வெட்டி, மூக்குத்தியைக் கழற்றி, அப்பாவின் கால்சட்டையைச் சுருக்கி மாட்டிவிட்டார்.

பையன் வீட்டில் சும்மா இருந்தால் சந்தேகம் வருமே! அதனால் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்கள். 'பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் படிப்பு' என்று அதுவரை பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாதவர் அப்பா. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் வாத்தியார் பக்கத்தில் வந்தாலே குட்டு உடைந்துவிடுமோ என்று தலையைக் குனிந்துகொள்வேன். இருமினால்கூடக் கட்டைக் குரலில்தான் இருமுவேன்.

எல்லாம் யோசித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டோம். சயாமில் ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலை தோட்டத்துக் கங்காணி எங்கள் வாசலில் வந்து நின்றார். லயத்துக் கோடியில் லாரி. அதில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். அப்பா மலேரியாவில் சுருண்டு கிடந்தார்.

"காய்ச்சக்காரன் வேணாம்லா. பெரிய பையன் இருக்கான்ல, அவன அனுப்பு" என்றார் கங்காணி அம்மாவிடம்.

சயாமுக்குப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பியதில்லை. பெண் என்று சொன்னாலோ, எதிரிலேயே சிப்பாய்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். தூர்ந்துகொண்டிருந்த மூக்குத்தித் துளையைத் தொட்டு, கங்காணிக்கு மட்டும் கேட்கும்படி, "நல்லா பாருங்கண்ணே. இது பொம்பளப் புள்ள" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். பிறகு, "இங்க காய்ச்சக்காரன் மட்டுந்தான் இருக்கான்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுப் பையனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் அம்மா அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை.

சண்டை முடிந்து என் முடி தோளைத் தொட்டதும், "இனி எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்றார் அப்பா.

அவரை எதிர்த்துப் பேசியே அறியாத அம்மா, "பையன்னு சொல்லி அனுப்புனோம். இப்ப பொண்ணாவே போகட்டும்" என்றார். மறுநாளும் நான் பள்ளிக்கூடம் போனேன்.

இப்போதும் மூக்குத்தியைத் திருகும்போதெல்லாம், அன்று என் மூக்கைத் தொட்ட அம்மாவின் விரல் நினைவுக்கு வருகிறது. பெண் என்று வெளியே சொல்லவே பயந்த காலத்தில், அதைச் சொல்லித்தான் அவர் என்னை மீட்டார்.