பர்வீன் பார்க்காமல் எதையும் அழித்ததில்லை

பழவேற்காட்டிலிருந்து பர்வீனின் தம்பி போனில் பேசினார். "அக்கா மவுத்தாயிட்டாங்க சார். உங்களுக்கெல்லாம் சொல்லணும்னு தோணிச்சி." கும்மிடிப்பூண்டி வார்ப்புத் தொழிற்சாலையில் எங்களோடு இருந்த நண்பர்களுக்காக, அவருக்கு அஞ்சலியாக இதை எழுதுகிறேன். பர்வீன் அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டார். நான் அச்சுகளுக்கு வரைபடம் போடுபவன்.

எல்லோருடைய வரைபடங்களும் ஒரே சர்வரில் இருந்த காலம் அது. ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்றாகியிருந்தது. டிஸ்க் சாகப்போகிறது என்றார் மேனேஜர். பர்வீனோ, டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறதென்று காட்டும் வண்ணப் பட்டைகளைத் திரையில் விரித்துவைத்து, கன்னத்தில் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்களேன். உங்க பம்ப் மூடி ஒரே படந்தான். ஆனா பாருங்க, எத்தினி ஊட்ல குடித்தனம் பண்ணிக்கினு கீது!"

டிஸ்க் நிரம்ப நிரம்ப, இடம் கிடைத்த மூலையிலெல்லாம் கோப்புகள் துண்டுதுண்டாக விழுந்திருந்தன. அவற்றைச் சேர்த்து அடுக்க டீஃப்ராக் ஓட்ட வேண்டும். அதற்குக் காலி இடம் வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் ஃபோல்டர்களை அழிக்கச் சொன்னார் மேனேஜர்.

"உள்ள இன்னா இருக்குதுன்னு பாத்துட்டு அழிக்கிறேனே சார்."

"அதுல பாக்கறதுக்கு இன்னாம்மா இருக்கப்போவுது?"

"பாத்தாத்தான சார் தெரியும்."

தரப் பரிசோதனையிலிருந்து விலகிய செல்வத்தின் ஃபோல்டரில், இறந்துபோன அவர் மனைவி, கைக்குழந்தையாக இருந்த மகளோடு சிரிக்கும் படங்கள் இருந்தன. பர்வீன் உடனே அவருக்குப் போன் செய்தார். "ஊட்டு கம்ப்யூட்டர் கெட்டப்பவே எல்லாம் போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா" என்றார் செல்வம். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலில் வண்டி மாறிச் செவ்வாப்பேட்டைக்குப் போய், படங்கள் இருந்த சிடியைச் செல்வத்தின் மகள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார் பர்வீன்.

அதன்பிறகுதான் வேண்டாதவற்றை அழித்தார். அடுத்த விடுமுறையில், மிச்சத்துக்கெல்லாம் பேக்கப் எடுத்துவிட்டு டீஃப்ராக் ஓட்டினார். மறுநாள் படங்கள் சட்டென்று திறந்தன. மேனேஜருடைய கோப்பு ஒன்று மட்டும் பழையபடியே சிதறிக் கிடந்தது.

"நீங்க தொறந்து வெச்சிட்டே ஊட்டுக்குப் போயிட்டீங்க சார். தொறந்திருக்கிறத அது தொடாது." மேனேஜரும் சேர்ந்துதான் சிரித்தார்.

பர்வீனின் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. ஆனால், ஒன்றை வேண்டாததென்று யாராவது ஒதுக்கும்போது, அதற்குள் என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்கத் தோன்றுகிறதே, அந்த ஆவல் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.