இரண்டு பட்டறை, ஒரு கேட்டு

எனக்கு எழுபத்து நாலு வயது நடக்கிறது. பெற்றது ஆறு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. மூன்று பெண்களையும் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தேன். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்ல வேண்டியிருப்பது பையன்கள் இரண்டு பேரைப் பற்றித்தான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். தகரக் கூரை, ஒரு மிஷின், சுற்றிலும் இரும்பு. பையன்கள் அங்கேயேதான் தொழில் கற்றார்கள். பெரியவன் பற்ற வைத்தால் சின்னவன் பிடித்துக்கொள்வான். சின்னவன் பற்ற வைத்தால் பெரியவன் பிடிப்பான். ஒருத்தன் "பிடி" என்று சொல்வதற்குள் இன்னொருத்தன் கை அங்கே இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே மத்தியானச் சாப்பாட்டை நானே தூக்கிக்கொண்டு போவேன். மருமகளை அனுப்ப மாட்டேன்.

சுனாமி வந்த மறு வருஷம், கார்த்திகை மழையில் அவர் போய்ச் சேர்ந்தார். சின்னவன் அப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குக் கூரை போடப் போயிருந்தான். போனில் சேதி சொல்லியாயிற்று. வழியெல்லாம் வெள்ளம், பஸ் ஓடவில்லை. இங்கே சுடுகாட்டுப் பாதையிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். பெரியவன் சரி என்று தலையாட்டினான்.

மறுநாள் விடிந்த பிறகு சின்னவன் வந்தான். இடுப்பு வரைக்கும் சேறு. செருப்பு இரண்டும் கையில் இருந்தன.

"ஒரு ராத்திரி வச்சிருக்க முடியலியா ஒன்னால?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டான்.

பெரியவன் அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தான். கேட்டது சுருக்கென்று தைத்திருக்கும். "ஒனக்கோசரம் பொணம் காத்துக்கெடக்குமாடா?" என்று சொல்லிவிட்டான்.

"அப்பாவையா பொணம்னு சொல்ற?"

அவ்வளவுதான். காரியம் முடிந்ததும் சின்னவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போய்த் தனியாகப் பட்டறை போட்டான். சொத்துத் தகராறு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தகராறு பண்ண எங்களிடம் என்ன சொத்து இருந்தது? நடுவில் நின்றது ஒரு வார்த்தைதான்.

நான் கடலூரில் பெரியவனோடு இருந்தேன். நினைத்தபோது பஸ் ஏறிச் சின்னவன் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்குவேன். அங்கே போனால் அண்ணனைப் பற்றிக் கேட்க மாட்டான். நானாகச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவான். இங்கே திரும்பி வந்தாலும் அதே கதைதான்.

நாலாவது வருஷம் ஒரு பாய் பட்டறைக்கு வந்தார். வெளிநாட்டில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சிதம்பரம் போகிற வழியில் நிலம் வாங்கி மாட்டுப் பண்ணை போடுகிறார். பெரியவன் சாமான் வாங்கப் போயிருந்தான், நான்தான் இருந்தேன்.

"ஒங்க வூட்டுக்காரரு எங்க வாப்பாவுக்குச் செஞ்ச இரும்புக் கேட்டு இன்னமும் ஆடாம நிக்குதும்மா. பண்ணைக்கும் அதே கைதான் வேணும். பெரிய ரெட்டைக் கதவு. எரும வந்து முட்டுனாலும் அசையக் கூடாது. பசங்க ரெண்டு பேரும் சேந்துதான செய்றாங்க?"

"செய்றாங்க பாய்" என்றேன்.

என் பிள்ளைகள் பேசிக்கொள்வதில்லை என்று அசலாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வேலையாவது இரண்டு பேரையும் சேர்த்து வைக்காதா என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

பெரியவனிடம் சொன்னபோது, "ஒரு கதவ நான் செய்றேன். இன்னொன்ன அவன் செய்யட்டும். இங்க வரக் கூடாது" என்றான். சிதம்பரம் போய்ச் சின்னவனிடம் சொன்னேன். "அளவு குடுத்தா செய்றேன். போன்லல்லாம் பேச மாட்டேன்" என்றான்.

சீட்டில் அளவை எழுதித் தந்தால் போதாதா என்று பெரியவனைக் கேட்டேன். டேப்புக்கு டேப்பு இம்மி வித்தியாசம் வரும், கதவு இரண்டும் மூடும்போது பைப்புக்கு நேராகப் பைப்பு நிற்காது என்றான். கதவின் உயரத்துக்கு ஒரு கம்பியை வெட்டினான். குறுக்குப் பைப்பு எங்கெங்கே வர வேண்டுமோ அங்கங்கே அரத்தால் கீறினான். கீழே கீறல்கள் நெருக்கமாக இருக்கும், கன்றுக்குட்டி தலையை விட்டுக்கொள்ளாமல் இருப்பதற்காக. மேலே போகப் போக இடைவெளி அகலும்.

என் உயரத்துக்கு இருந்த அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"ஆயா, கம்பிக்கு யாரு டிக்கெட்டு எடுக்கிறது?" என்றான் கண்டக்டர்.

"அதுக்கு இன்னும் அஞ்சு வயசு ஆவல. அரை டிக்கெட்டும் கெடையாது."

"பல்லு போயும் வாய் போவல பாரு இதுக்கு."

"வாயும் போச்சின்னா அப்பறம் எத வச்சிடா பொழைக்கிறது?"

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பி வளையாமல் போய்ச் சேர வேண்டுமே என்று அதிலேயே கண்ணாக இருந்தேன்.

சின்னவன் அதைத் தரையில் கிடத்தி, கீறல் கீறலாக விரலால் தடவிக்கொண்டு போனான். ஒரு இடத்தில் விரல் நின்றது. "கீழேர்ந்து ரெண்டாவது பைப்பு இன்னும் எறங்கணும். கன்னுக்குட்டி காலு மாட்டும். அப்பா இப்பிடி வைக்க மாட்டாரு." பக்கத்தில் வேறு கீறல் போட்டான். அதைக் கடலூருக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். பெரியவன் புதுக் கீறலை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தான் போட்டிருந்ததை அரத்தால் தேய்த்துவிட்டான்.

அந்த வெயில் காலம் பூராவும் இப்படிப் போனேன், வந்தேன். இந்த வயதில் எவள் அலைவாள்?

"மாடு வந்து ஒரசும். பத்த வச்ச எடத்துல ஒரு பிசிறு நிக்கக் கூடாதுன்னு சொல்லு அவங்கிட்ட" என்பான் பெரியவன்.

"எனக்கே சொல்லித் தர்றானா? கீலு தடிமனா போடச் சொல்லு மொதல்ல. அவன் கதவு தொங்கிடப் போவுது" என்பான் சின்னவன்.

ஒருத்தன் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொருத்தனிடம் சொன்னேன். சண்டையாவது போடுகிறார்களே என்று மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது.

கேட்டு மாட்டுகிற நாளில் இருவரும் வந்துதான் ஆக வேண்டும். இரண்டு வண்டியில் இரண்டு கதவு வந்து இறங்கியது. தூண்கள் முன்னமே காங்கிரீட்டில் நின்றன. நான் பெரியவனோடு போயிருந்தேன். அடுத்தடுத்து நின்றார்கள், முகம் பார்க்கவில்லை.

"அம்மா, அந்தப் பக்கம் தூக்கச் சொல்லு."

"தூக்கியாச்சின்னு சொல்லும்மா."

"இன்னும் கொஞ்சம்."

"போதுமான்னு கேளு."

மாடு பார்க்கிற ஆள் ஒருவன் தீவனக் கூடையோடு நின்று பார்த்தான். "என்னா ஆயா, நீ என்னா மைக் செட்டா? கைக்கெட்டுற தூரத்துல நின்னுக்கினு ஒன் வழியா பேசறாங்க?"

"நீ போய் சாணிய அள்ளு" என்றேன்.

கீலைப் பற்ற வைக்கும்போது சின்னவன் கதவின் பாரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டான். பெரியவன் குனிந்து பற்ற வைத்தான். முடித்ததும் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான். சின்னவனும் பார்க்காமலே அந்தக் கையில் சுத்தியலை வைத்தான். இரண்டு பேருக்கும் தாங்கள் செய்தது தெரிந்ததோ என்னவோ.

பாய் வந்து கேட்டை மூடினார். பைப்புக்கு நேராகப் பைப்பு, ஒரே கோடாக நின்றது. ஒரு எருமைக் கடாவை ஓட்டி வந்தார்கள். அது கொம்பால் தள்ளிப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது.

"மாஷா அல்லா. ஒரே ஆளு செஞ்ச மாதிரியில்ல இருக்குது!" என்றார் பாய்.

எங்களுக்குச் சாப்பாடு செய்து வைத்திருந்தார். பெரியவன் கை கழுவினான். சின்னவன் ஓரமாகக் குந்தி, சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். பெரியவன் அவனை நேராகப் பார்த்து, "சாப்புட்டுப் போடா" என்றான்.

அவர்களுக்குள் பேச்சு நின்ற பிறகு அவன் வாயிலிருந்து தம்பிக்கு வந்த முதல் வார்த்தை அது. சின்னவனுடைய கை பைக்குள் அப்படியே நின்றது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்குப் பசிக்கலன்னு சொல்லும்மா."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியவன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். இரண்டு வாய்தான் தின்றான். பாய் எதிரில் இலையை மூடக் கூடாதே என்று மிச்சத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

நான் சின்னவனோடு சிதம்பரம் போவதற்காக அவன் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னே வண்டியை ஓரம் கட்டினான். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து இறங்கினேன். அவன் இறங்கவில்லை.

"அவனுக்குத் தல பூரா நரச்சிப்போச்சேம்மா" என்றான். "குனிஞ்சி பத்த வைக்கிறப்ப பாத்தேன். ஒரு நிமிஷம் அப்பான்னே நெனச்சிட்டேன்."

தேம்பித் தேம்பி அழுதான். முந்தானையால் துடைக்கப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அவங்கிட்ட சொல்லிப்புடாத."

சொல்லவில்லை. அடுத்த தடவை சேர்ந்து வேலை வரும், அப்போது அவனாகவே உட்கார்ந்து சாப்பிடுவான் என்று இருந்தேன். அடுத்த தடவை வரவே இல்லை. "ஒரு தடவ கூப்ட்டாச்சிம்மா, இன்னா செய்யச் சொல்ற?" என்று பெரியவன் கேட்டபோது கூட வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மார்கழிப் புயலில் பட்டறைக் கூரை பறந்தது. நான் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு போனது. அதோடு பஸ் ஏறுவதும் நின்றது. அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்துச் சின்னவன் வருகிறான், கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறான். கட்டில் பக்கத்தில் பழத்தைப் பார்த்துப் பெரியவன் தெரிந்துகொள்கிறான். கேட்பதில்லை. பண்ணையில் மரமெல்லாம் சாய்ந்தும் கேட்டு அப்படியே நிற்கிறது என்று பாய் சொல்லி அனுப்பினார். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இல்லை.

எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிக்க வரும், அதற்கு மேல் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் பெரியவனுடைய மகள். பாலத்தண்டை நடந்ததைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு இது தெரியுமா ஆயா?"

"எழுது" என்றேன்.

பெரியவன் இப்போதுதான் வந்தான். அந்தப் பக்கம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான், தட்டுச் சத்தம் கேட்கிறது. நடுவில் ஒரு தட்டி மறைப்புதான்.

"மொதல்லேர்ந்து படிம்மா. முழுங்காம படி. பாலத்துகிட்ட வர்ற எடத்துல நிறுத்தி, நல்லா சத்தமா படி. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஒங்கப்பனுக்குக் கேக்கணும்."