வரைபடத்தில் வராத தண்ணீர்: சைகோனில் ஒரு பௌர்ணமி மாலை

வெள்ளம் எதுவரை ஏறும் என்று கணினியில் கணக்கிடுவது என் வேலை. கடல்மட்டம் உயர்ந்தால் இருபது வருடத்தில் வியட்நாமின் சைகோனில் எந்தத் தெருக்கள் மூழ்கும் என்று எங்கள் குழு சென்னையில் உட்கார்ந்தபடியே ஒரு வரைபடம் போட்டிருந்தது: மூழ்கும் தெரு சிவப்பு, மூழ்காதது வெள்ளை. போன நவம்பரில் அதை அங்குள்ள அதிகாரிகளிடம் விளக்க என்னை அனுப்பினார்கள். ஊரைப் பார்க்காமலே ஊருக்கு நிறம் அடித்தவள் நான். நேரில் பார்க்கப்போகும் பரபரப்பில் விமானத்தில் தூக்கமே வரவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய மதியம், 'பென் தான்' மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு பிரியாணிக் கடை (தட்டு 90,000 டொங்). கடைக்காரர் ஜலீல் பாய், காரைக்கால்காரர். வீடு ஆற்றை ஒட்டிய கான் ஹொய் பகுதியில். பெருமையாக வரைபடத்தைக் காட்டினேன்.

"எங்க சந்து வெள்ளையா இருக்கே! தண்ணியே வராதா?"

"இருபது வருஷத்துக்கு வராது பாய்."

சிரித்துவிட்டார். "இன்னிக்குப் பௌர்ணமி. அஞ்சு மணிக்கு வந்து பாருங்கம்மா. ஷூ வேணாம்."

பைக் டாக்சியில் இரண்டரை கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம், 25,000 டொங். சந்து காய்ந்து கிடந்தது. 5.40க்குச் சாக்கடை மூடி களகளவென்றது. பத்தே நிமிடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்! ஆறு கரையைத் தாண்டவே இல்லை. பௌர்ணமிக் கடலேற்றத்தில் உயர்ந்த ஆற்றுநீர் சாக்கடைக் குழாய் வழியாக ஏறி வந்திருக்கிறது. எங்கள் கணக்கில் குழாய்களே கிடையாது.

"பாய், கீழேருந்து வருது!" வெட்கப்பட வேண்டியவள் கத்திக் குதித்தேன். பைக்குகளைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எதிர்வீட்டுப் பெண் லான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேட்டதை ஜலீல் பாய் தமிழில் சொன்னார்.

"செவப்பு அடிக்கப் போறீங்களாங்குது. அடிச்சா எங்களைக் கெளப்பி ஊருக்கு வெளிய அனுப்பிருவாங்களாம். வெள்ளையாவே விட்டா சாக்கடையைப் பாக்க ஒருத்தரும் வர மாட்டாங்களாம்."

இரண்டுமே உண்மை. "என்ன செய்யலாம்னு அவங்களையே கேளுங்க பாய்."

"தெரியலைன்னா தெரியலைன்னு போடச் சொல்லுது. எங்களைக் கேட்டுட்டு அப்புறம் அடிங்கங்குது."

அறைக்குத் திரும்பிச் சென்னைக்குப் பேசினேன். "ஒரு சந்துக்காக மொத்த வரைபடத்தையும் சந்தேகப்பட வைக்கப்போறியா?" என்றார் குழுத்தலைவர். அவர் பயமும் நியாயம்தான். மற்ற இடங்களில் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனாலும் கான் ஹொய் சந்துகள் முழுவதும் சாய்கோடு போட்டு, 'சரிபார்க்கவில்லை' என்று எழுதினேன்.

மறுநாள் ஓர் அதிகாரி முகம் சுளித்தார்: முடிவெடுக்க ஒரே நிறம் வேண்டும். "தெரியாததற்கு நிறம் அடித்தால், அதை நம்பி வீட்டை விடுபவர்களுக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டேன். ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, அடுத்த மூன்று பௌர்ணமிகளில் சந்துவாசிகளோடு சேர்ந்து அளப்பது, அதுவரை யாரையும் இடம் மாற்றுவதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவானது. வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை சந்தோஷம்.

கணக்கு தப்பாவது பெரிய குற்றமில்லை. தப்பலாம் என்பதை மறைத்து நிறம் அடிப்பதுதான் குற்றம் என்று இப்போது தோன்றுகிறது.

போகிறவர்களுக்கு: அக்டோபர் முதல் ஜனவரி வரை பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய மாலைகளில் தண்ணீர் ஏறும். ஐந்து மணிக்குள் போய்விடுங்கள், ரப்பர் செருப்பு போதும். படம் எடுக்குமுன் வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். நமக்கு வேடிக்கையாக ஏறும் தண்ணீர், அவர்கள் அடுப்படிக்குள் போகிறது.